நோட்டில் நான் எழுதிய வரி: மருந்துக்கடைக்காரர் ஒருவரின் ஓசிடி சிகிச்சையில் வந்த சறுக்கல்

இதில் வருபவர் எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடிக்கு எங்களிடம் சிகிச்சை பெற்றவர். தன் அனுபவத்தை நான் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை. எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். “அந்தத் தப்பு நிஜமாவே நடந்துச்சுன்னு தெளிவா எழுதுங்க மேடம்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பின்னணி

அவருக்கு அப்போது 41 வயது. டி.பார்ம் முடித்து, பத்து வருடம் இன்னொருவர் கடையில் வேலை பார்த்துவிட்டு, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்தவர். வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். கடையில் உதவிக்கு ஒரு பையன்.

இருபது வயதுவாக்கில் கதவைப் பூட்டினோமா, கேஸை மூடினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் பழக்கம் இருந்திருக்கிறது. அது தானாகவே குறைந்துவிட்டது. சொந்தக் கடை வைத்த இரண்டாவது வருடம், தெரிந்த ஒருவரின் கடையில் மருந்து மாறிப்போய்ப் பெரிய பிரச்சினை ஆனதாக ஒரு பேச்சு காதில் விழுந்தது. அன்றிலிருந்து, “நான் யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டேனோ” என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயரை நாலைந்து தடவை வாய்விட்டுப் படிப்பார். ஆள் போனபிறகு மீதி அட்டையை எடுத்துப் பார்ப்பார். குப்பைக்கூடையில் கிடக்கும் வெட்டுத் துண்டையும் தேடி எடுப்பார். மருந்துச் சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவர் “சரி” என்று பதில் போட்டால்தான் அடுத்த வேலை ஓடும். சில நாட்களில் நாற்பது படம் வரை போயிருக்கிறது. இரவு ஷட்டரை இறக்கியதும் சிசிடிவி பதிவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதில் இரண்டு மணி நேரம் கழியும். அப்படியும் தீராவிட்டால் வாங்கிப் போனவரையே போனில் கூப்பிட்டு, “கவர்ல என்ன பேர் போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்களேன்” என்பார். இவர் இப்படிக் கூப்பிட்டதாலேயே சிலர் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன் அவருடைய அம்மா அவரை, மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சில நாள் தங்க வைத்திருக்கிறார். அங்கே இருந்தவரை மனம் அமைதியாக இருந்தது என்றார். கடை திறந்த அன்றே எல்லாம் திரும்பிவிட்டது. இதை வெறும் கதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இடம் மாறினால் பயம் அடங்குவதும் பழைய இடத்தில் திரும்ப எழுவதும் சிகிச்சைக்கு எவ்வளவு முக்கியமான செய்தி என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முதலில் கண்டது

எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடிதான் என்பதில் மனநல மருத்துவருக்கோ எனக்கோ சந்தேகமில்லை. வேண்டாத எண்ணம் வருகிறது, அது தாங்க முடியாத பதற்றத்தைக் கிளப்புகிறது, பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல், செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, அந்த நிம்மதியே அடுத்த சுற்றுக்குத் தீனி. தான் செய்வது அளவுக்கு மீறியது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40-க்கு 27 வந்தது. 24-ஐத் தொட்டாலே கடுமையான நிலை.

மருத்துவர் சர்ட்ராலின் என்ற மாத்திரையைத் தொடங்கி, சில வாரங்களில் 150 மி.கி. வரை கூட்டினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படுவது வழக்கம். பலன் தெரியவும் 8 முதல் 12 வாரம் ஆகும். என் பங்கு, பயத்தைக் கிளப்பும் சூழலை எதிர்கொண்டுவிட்டுச் சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை. லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் செய்து பதிவுசெய்த முறையிலிருந்து வளர்ந்தது இது. ஓசிடிக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை.

இரண்டாவது சந்திப்பில் அவரிடம் உளவியலாளர்கள் ராக்மன், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னேன். இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் நோயில்லாத சாதாரண மனிதர்களுக்கும் வருகின்றன, உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நான் கொலகாரன் இல்லயா மேடம்” என்று கேட்டார். அத்தனை வருடம் அந்தச் சொல்லோடுதான் அவர் கடையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஐந்து மாதங்கள்

எளிதானதிலிருந்து கடினமானதுக்கு ஒரு வரிசை போட்டோம். முதலில் குப்பைக்கூடை. அப்புறம் மனைவிக்குப் படம் அனுப்புவது. அப்புறம் போன். கடைசியாகச் சிசிடிவி. அதன் கடவுச்சொல்லை மைத்துனர் மாற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டார். பயிற்சிகளைக் கூட்டமில்லாத மதிய நேரத்தில் செய்யச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின் கடை காலியாக இருக்கும், நிதானமாகச் செய்யலாம் என்பது என் கணக்கு.

நன்றாகத்தான் போனது. ஐந்தாம் மாத முடிவில் மதிப்பெண் 13. வாராவாரம் வந்தவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். இரவு ஒன்பதரைக்கு வீட்டில் பிள்ளைகளோடு சாப்பிடுகிறார் என்று மனைவி சொன்னபோது எனக்கு மிகுந்த சந்தோஷம். சறுக்கல் வரலாம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. நல்லபடியாகப் போகும்போது எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சறுக்கல்

ஆறாம் மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கடையில் நல்ல கூட்டம். ஒரு பாட்டிக்கு மருத்துவர் எழுதியிருந்தது ரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபின் 2.5 மி.கி. இவர் வெட்டிக் கொடுத்தது 5 மி.கி.

திங்கட்கிழமை காலை பாட்டியின் மகன் அட்டையோடு வந்து, “அண்ணே, மாத்திரை மாறியிருக்கு போல” என்றார். பாட்டி இரண்டு நாள் சாப்பிட்டிருந்தார். எழுந்து நிற்கும்போது லேசாகத் தலை சுற்றியிருக்கிறது. இவரே ஆட்டோ வைத்து அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பழைய அளவையே தொடருங்கள் என்று அனுப்பினார் மருத்துவர். “விடுங்க தம்பி, மனுசன்னா மாறாதா” என்று பாட்டி சொன்னாராம்.

அன்று இரவு இறக்கிய ஷட்டரை நாலு நாள் தூக்கவில்லை. மைத்துனரிடம் சண்டை போட்டுக் கடவுச்சொல்லை வாங்கி, பதிவு முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். பில் நகலை வைத்துக்கொண்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போன் செய்தார். மனைவியின் போனில் படங்கள் குவிந்தன. எங்களிடம் வரவேண்டிய நாளில் வரவில்லை. “யானைக்கும் அடி சறுக்கும்பா” என்று அம்மா சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. பத்தொன்பதாம் நாள், மனைவி எனக்குப் போன் செய்த பிறகு வந்தார். மதிப்பெண் 26.

நோட்டும் பில்லும்

உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது: “அஞ்சு மாசமும் வீண் மேடம். முன்னாடி நூறு தடவ பாத்தேன், ஒரு தப்பும் வரல. பாக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க. வந்துருச்சு.”

தர்க்கத்தில் ஓட்டையே இல்லாத பேச்சு. என் வாயில் முதலில் வந்தது ஆறுதல். “பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று தொடங்கினேன். அவர் பையிலிருந்து சிகிச்சை நோட்டை எடுத்தார். நீல அட்டை போட்ட, நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. மூன்றாவது சந்திப்பின் பக்கத்தைப் புரட்டி, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தார். என் கையெழுத்து. “சரிபார்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மனைவி போட்ட “சரி” என்ற வாட்ஸ்அப் பதிலுக்கும் என் வரிக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன். ஐந்து மாதம் அவர் சரிபார்க்காமல் இருந்தது, நிச்சயமின்மையைத் தாங்கப் பழகியதால் அல்ல. நான் கொடுத்த உத்தரவாதத்தை நம்பியதால். ஒரு மாத்திரை அட்டை அந்த உத்தரவாதத்தைப் பொய்யாக்கியதும் கட்டியதெல்லாம் சரிந்துவிட்டது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமையை நிமிடம் நிமிடமாகப் பேசினோம். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. பாட்டியின் பில்லில் நேரம் 7.42. அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “ஏழேகாலுக்கு ஒருத்தருக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தேன். அத மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு இருந்தேன்” என்றார்.

“இப்படி ஓட்டிப் பார்ப்பது எவ்வளவு நாளாக?”

“அது எப்பவும் இருக்கிறதுதானே. கையால, போனால பாக்கக்கூடாதுன்னுதானே சொன்னீங்க.”

கணக்குப் போட்டதில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. வெளியே நிறுத்திய சரிபார்ப்பு முழுவதும் உள்ளே போயிருந்தது. அதை அவர் சரிபார்ப்பாகவே நினைக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 13 என்ற மதிப்பெண் கையும் கண்ணும் செய்ததற்கு மட்டுமானது. எதிரில் நின்ற பாட்டியின் சீட்டைப் பார்க்க வேண்டிய கவனம், போன ஆளின் மாத்திரையில் இருந்தது. தவறுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட்ட நேரத்தில் யாருக்கும் இது நடக்கும். ஆனால் சரிபார்ப்பு அவரைத் தவறிலிருந்து காப்பாற்றி வந்தது என்ற நம்பிக்கையை அந்த 7.42 நன்றாக ஆட்டியது.

இன்னொன்றும் வெளியே வந்தது. ஆறு வாரமாக அவர் சர்ட்ராலினைத் தானாகவே 50 மி.கி.-க்குக் குறைத்திருந்தார். தாம்பத்திய உறவில் ஒரு பக்கவிளைவு. சொல்லக் கூச்சம். மருந்துக்கடைக்காரர் என்பதால் தானே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். ஆக, சறுக்கலில் எவ்வளவு பங்கு மருந்துக் குறைப்புக்கு, எவ்வளவு மற்றதற்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் மருந்து. மனநல மருத்துவர் பக்கவிளைவைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசி, அளவைப் படிப்படியாக மீண்டும் கூட்டி, மாத்திரை எடுக்கும் நேரத்தையும் மாற்றினார்.

அடுத்தது எங்களை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி. தவறு நிஜமாகவே நடந்திருக்கிறது, பாதிப்பு வேறொருவருக்கு. “சரிபார்க்காதீர்கள்” என்று இனியும் சொல்வது நியாயமா? எந்த அளவு சரிபார்ப்பு தொழில் தர்மம், எதற்கு மேல் நோய்? இதை முடிவுசெய்யும் தகுதி எனக்கு இல்லை, எனக்கு மருந்துக்கடை நடத்தத் தெரியாது. அவர் முன்பு வேலை பார்த்த கடையின் முதலாளியிடம் போய்க் கேட்டுவரச் சொன்னேன். முப்பது வருட அனுபவக்காரர். “ராக்குல எடுக்கும்போது ஒரு தடவ, பில் போடும்போது ஒரு தடவ. அப்புறம் அடுத்த ஆளு. எப்பவாச்சும் மாறும்டா. வந்து சொல்லுவாங்க, மாத்திக் கொடுப்போம்” என்றிருக்கிறார். அந்த இரண்டு பார்வைதான் விதி என்று வைத்தோம். மூன்றாவது பார்வை நோயின் கணக்கில்.

கூடவே முதலாளி கடைக்கு வந்து பார்த்ததில், ஆம்லோடிபின் 2.5-உம் 5-உம் ஒரே பெட்டியில் கிடந்தன. நிறமும் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் அட்டைகள். அன்றே வேறு வேறு தட்டுக்கு மாற்றினார்கள். ஒரே மருந்து இரண்டு அளவில் வருவதையெல்லாம் அப்படியே பிரித்தார்கள். ஆயிரம் தடவை சிசிடிவி பார்த்தவர் கண்ணில் அந்தப் பெட்டி படவேயில்லை. கடைப் பையனையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்து விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் மனைவியின் “சரி” போல அதுவும் ஆகிவிடும் என்று அவரே சொன்னார்.

நோட்டில் இருந்த என் வரியை நானே அடித்தேன். அதற்குக் கீழே அவர் எழுதினார்: “இன்று நான் கொடுத்ததில் ஏதோ ஒன்று மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை.” தினமும் இதைப் படிப்பதே பயிற்சியானது. முதல் வாரம் படிக்கும்போது குரல் நடுங்கியது.

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கு வேறு வழி. எண்ணத்தை விரட்டச் சொல்லவில்லை; விரட்டினால் இன்னும் ஒட்டும். ஓட ஆரம்பித்ததும் பாதியில் விட்டுவிட்டு, எதிரே நிற்பவரின் சீட்டில் உள்ள முதல் மருந்தின் பெயருக்குக் கண்ணைக் கொண்டுவருவது. முடிக்காமல் விட்ட அரிப்பு அப்படியே இருக்கட்டும். இந்த முறை பயிற்சி மதியத்தில் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. ஓரிடத்தில் அடங்கிய பயம் வேறு சூழலில் திரும்ப வரும் என்பதை மார்க் பௌட்டன் போன்றோரின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. அவருடைய பயம் வாழும் இடம் கூட்டம். நான் பழக்கியது காலிக் கடையில்.

மனைவியை இந்த முறை முழுதாகச் சேர்த்துக்கொண்டோம். கணவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை மூவரும் சேர்ந்து முடிவுசெய்தோம்: “இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்லைங்க. கஷ்டமா இருக்குன்னு தெரியும். டீ போடட்டுமா?” அத்தனை வருடம் மனைவியும் பயத்தோடுதான் “சரி” என்று போட்டுக்கொண்டிருந்தார். பதில் போடாத முதல் இரவு தான்தான் தூங்கவில்லை என்றார்.

கடைசியாக, சறுக்கல் தாள் என்று ஒன்று வைத்தோம். மதுப்பழக்கத்திலிருந்து மீள்வோரைப் பற்றி உளவியலாளர் ஆலன் மார்லட் எழுதியது இதற்கு அடிப்படை. ஒரு தடவை குடித்துவிடுவது வேறு, பழைய நிலைக்கே போவது வேறு. “எல்லாம் போச்சு” என்ற நினைப்புதான் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது என்றார் அவர். எங்கள் தாளில் கேள்வி நாலே நாலு: எப்போது, அதற்கு முந்தைய இரண்டு நாள் எப்படி இருந்தது, என்ன செய்தேன், நாளை எந்த வேலையிலிருந்து தொடங்குவேன். ஏன் செய்தேன் என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டோம். அதைக் கேட்டால் விடியவிடிய ஆராய்ச்சி நடக்கும், அதுவும் ஒரு சரிபார்ப்பாகிவிடும்.

அதன் பிறகு

முதல் முறையைவிட இது மெதுவாக நடந்தது. இரண்டு மாதம் மதிப்பெண் 20-க்குக் கீழே இறங்கவில்லை. கைச் சரிபார்ப்பை நிறுத்தியதைவிட மன ஓட்டத்தைப் பாதியில் விடுவது பல மடங்கு கடினம் என்றார். யாரும் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் போராட்டம் அது, மெச்சவும் ஆள் இல்லை.

பதினோராம் மாதம் இன்னொரு சறுக்கல். அன்று இரவே எழுதிய தாளைக் கொண்டுவந்தார். பென்சில் எழுத்து. “வியாழன் இரவு 9.40. சின்னவளுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், தூக்கம் இல்ல. பையன் லீவு. ரெண்டு பேருக்குப் போன் பண்ணிட்டேன். மூணாவது நம்பர் போட்டுட்டு கட் பண்ணேன். நாளைக்குக் காலைல கடைய வழக்கம்போல 8 மணிக்குத் திறப்பேன்.” மறுநாள் எட்டு மணிக்குத் திறந்திருக்கிறார். சிசிடிவி பக்கம் போகவில்லை. போன் எண்ணிக்கை இரண்டோடு நின்றது.

பதினான்காம் மாதம் மதிப்பெண் 10. இந்த முறை மன ஓட்டத்தையும் சேர்த்துக் கேட்ட 10. எண்ணம் இன்னும் வருகிறது. கூட்டமான நாட்களில் அதிகமாகவே. பாட்டி அதே கடையில்தான் மாத்திரை வாங்குகிறார். ஒவ்வொரு மாதமும் அந்த 2.5-ஐ வெட்டும்போது கை லேசாக நிற்கும், அப்புறம் வெட்டிக் கொடுத்துவிடுவேன் என்றார்.

இனி மாற்றிச் செய்வது

வெளியே தெரியாத சரிபார்ப்புகளை முதல் சந்திப்பிலேயே, நோயாளியின் சொற்களில் கேட்கிறேன். “மனதில் ஏதாவது சடங்கு செய்கிறீர்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “ஓட்டிப் பார்க்கிறீர்களா, எண்ணுகிறீர்களா, மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்கிறீர்களா” என்று கேட்டால் வருகிறது. யேல்-பிரவுன் பட்டியலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நான் அதை அவசரமாகக் கடந்துவிட்டேன்.

மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பதோடு, பக்கவிளைவை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். குறிப்பாகச் சொல்லக் கூச்சப்படுகிறவற்றை. மருந்து பற்றித் தெரிந்தவர்களிடம் இன்னும் கவனமாக.

சறுக்கல் தாளை இப்போது முதல் மாதமே கொடுக்கிறேன், மதிப்பெண் இறங்கத் தொடங்குவதற்கு முன்பே. பயந்தது நிஜமாகவே நடந்துவிட்டால் அன்றைக்கு என்ன செய்வோம் என்று முன்கூட்டியே ஒரு சந்திப்பு முழுக்கப் பேசுகிறோம். சிலருக்கு அது பிடிப்பதில்லை; ஒருவர் பாதியில் எழுந்துபோய், அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

நோட்டில் எதையும் நான் எழுதுவதில்லை. அவர்களே எழுதுகிறார்கள். “ஒன்றும் ஆகாது” என்று யாராவது எழுதத் தொடங்கினால் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறேன்.